மேனுவல் தேடிப் போன ராஜி

சிஞ்ச்வட் ஸ்டேஷன் அருகே காய்கறிக்காரரிடம் மேத்திக் கீரைக் கட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது நித்யாவின் போன் வந்தது. நித்யா ராஜியின் ஒரே மகள். பாணேரில் இருப்பவள், அந்த வாரம் அம்மாவோடு தங்க வந்திருந்தாள். "வசந்தா ஆண்ட்டி, அம்மா காலைல எழுந்திருக்கல" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. காய்ச்சலா, டாக்டரைக் கூப்பிட்டாயா என்று கேட்டேன். "டாக்டர் வந்துட்டுப் போயிட்டார் ஆண்ட்டி. தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு சொல்றார்" என்றாள். காய்கறிக்காரர் நீட்டிய கட்டை வாங்காமலே நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ராஜியின் வீடு எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்கு அடுத்த சொசைட்டியில்தான். அந்தத் தூரம் அன்று முடியவே இல்லை.

எங்கள் வங்கிக் கிளையில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் கரும்பு வெட்டிக் கொடுக்கும் குட்டையான பெண்ணாக அவளைத் தெரிந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ராஜலட்சுமி என்ற முழுப்பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. பொள்ளாச்சிக்காரி. கணவர் சுந்தரத்துக்கு இங்கே, இந்த மராத்தி ஊரில், ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் டூல் டிசைன் பிரிவில் வேலை கிடைத்ததால் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறது. கவுண்ட்டருக்கு ஒரு பெரியவர் வந்து மராத்தியில் ஏதோ கேட்டார். நாங்களாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து சீட்டைக் காட்டியிருப்போம். ராஜி தனக்குத் தெரிந்த இந்தியில், "முஜே மராட்டி நஹீ ஆத்தி. ஆப் சிகாயியே" என்றாள். தெரியாது, நீங்களே கற்றுக்கொடுங்கள் என்று வாடிக்கையாளரிடமே கேட்கிறாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. டிமாண்ட் டிராஃப்ட்டுக்கு மராத்தியில் எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் அவள் கவுண்ட்டரில்தான் கூட்டம் அதிகம். பேசியது தப்பும் தவறுமான மராத்திதான், ஆனால் கூச்சமில்லாமல் பேசினாள்.

சுந்தரம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். இன்று நாம் பார்க்கிற மாதிரி அல்ல. பாடப்புத்தக அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதன் மேல் ரப்பர் விசைகள். ஒரு வயர் டிவிக்குப் போகும், இன்னொன்று டேப் ரெக்கார்டருக்கு. கேசட்டை ஓடவிட்டால் காது கூசும் இரைச்சலோடு புரோகிராம் ஏறும். வீட்டுக்கு வாங்கக்கூடிய விலையில் கிடைத்த கம்ப்யூட்டர் எண்பதுகளில் அது ஒன்றுதான். அவர் அதில் சின்னச் சின்ன விளையாட்டுகள் எழுதி நித்யாவுக்குக் காட்டுவார். ராஜிக்கு அதில் ஈடுபாடு கிடையாது. சீரியல் நேரத்தில் டிவியை அந்தப் பெட்டி பிடித்துக்கொள்கிறது என்பது மட்டும்தான் அவள் குறை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுந்தரத்துக்கு மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தது. புத்தி தெளிவாக இருந்தது, காது கேட்டது, கண் பார்த்தது. பேச்சு போய்விட்டது. கைகால்களில் வலது கையின் இரண்டு விரல்கள் மட்டுமே அசைந்தன. ராஜி ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் காபி ஆறிவிடும்.

சுந்தரத்தின் தொழிற்சாலை நண்பர் குல்கர்ணி அதைப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். டிவி திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஒரு சிறிய வெளிச்சக் கட்டம் அவற்றின் மேல் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது சுந்தரம் விரலால் ஒரு விசையைத் தட்டினால் போதும், எழுத்து கீழே வந்து உட்காரும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார். அவர் முதலில் எழுதியது, "டீயில் சர்க்கரை ஜாஸ்தி." ராஜி மறுநாள் கிளையில் எல்லோரிடமும் அதைச் சொன்னாள். "இத்தனை மாசமா அந்த டீயத்தானுங்க்கா குடிச்சுட்டு இருந்திருக்காரு" என்றாள்.

அந்தப் பெட்டியால் வந்த பெரிய மாற்றம் வேகம் அல்ல. அட்டைக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும். பெட்டிக்கு வேண்டாம். பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஆயா சமையலறையில் இருக்கும்போதும் அவர் தனியாக எழுதிக்கொண்டிருப்பார். ராஜி வேலை முடிந்து வந்தால் திரை நிறைய ஏதாவது இருக்கும். கிரிக்கெட் ஸ்கோர், நித்யாவின் கணக்குப் பாடத்தில் ஒரு திருத்தம், ராஜி தன் மாமியாருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரிகள். யாரும் பக்கத்தில் நிற்காமல் ஒரு மனிதர் தன் யோசனையைத் தானே எழுத முடிந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் பெட்டி நின்றுபோனது. டிவியில் வெறும் கோடுகள். புத்வார் பேட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சந்தில் ராஜி அதைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினாள். ஒரு கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வஹினி, இதை ம்யூசியத்துக்குக் குடுங்க" என்று இந்தியில் சொன்னார். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. புதுக் கம்ப்யூட்டர் எங்கள் சம்பளத்துக்கு எட்டாத காலம் அது. எட்டினாலும் குல்கர்ணியின் புரோகிராம் அதில் ஓடாது. குல்கர்ணியோ வளைகுடாவில் வேலைக்குப் போய், அங்கேயும் ஊர் மாறி, தொடர்பு விட்டுப்போயிருந்தது. வீட்டில் மறுபடியும் அட்டை வந்தது. சுந்தரம் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். அதுதான் ராஜியைக் கலக்கியது.

"நெம்ப அமைதியாயிட்டாருங்க்கா. அது எனக்குப் புடிக்கல" என்று ஒரு மதிய உணவு நேரத்தில் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்தப் பெட்டியை இங்கே அசெம்பிள் செய்து விற்ற நிறுவனம் மூடிக் கிடந்தது. பக்கத்துப் பட்டறைக் காவலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நான் திரும்பிவிட்டேன். ராஜி நகரவில்லை. "உங்களுக்குத் தெரியாது, சரி. யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். அவர் யோசித்து, எதிர் டீக்கடையைக் காட்டினார். டீக்கடைக்காரர் தனக்கும் தெரியாது என்றார், ஆனால் அங்கே ரிப்பேர் பார்த்த ஷிண்டே என்பவர் இப்போது போசரியில் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் செய்கிறார் என்றார். பஸ்ஸில் வரும்போது ராஜி சொன்னதை அப்படியே தருகிறேன்: "தெரியாதுன்னு சொல்றவங்ககிட்டத்தானுங்க்கா அடுத்த அட்ரஸ் இருக்கும். நாமதான் கேக்காம திரும்பி வந்தர்றோம்."

ஷிண்டே நல்ல மனிதர், ஆனால் கையை விரித்தார். அவர் பார்த்த காலத்தில் பழுதான போர்டைக் கழற்றிவிட்டுப் புதுப் போர்டு போடுவதுதான் வேலை. இப்போது புதுப் போர்டு எங்கே? "சர்க்யூட் படம் இருந்தா பார்க்கலாம். எனக்கு ஞாபகம் இல்ல. இருக்குன்னு சொன்னா பொய்" என்றார். கம்பெனிக் காகிதமெல்லாம் ரத்திக் கடைக்குப் போய்விட்டதாம். ராஜி அந்தப் பழைய பேப்பர்க் கடையையும் விடவில்லை. அங்கேயும் கிடைக்கவில்லை. சுந்தரத்திடம் இருந்த மேனுவலை அவர் யாருக்கோ படிக்கக் கொடுத்து, அது திரும்பி வரவே இல்லை. பழைய புத்தகக் கடைக்காரர்கள், பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், பத்திரிகை ஒன்றின் வாசகர் பகுதி என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். பாலிடெக்னிக் ஆசிரியர்தான், "இன்டர்நெட்டில் பாருங்கள், இந்த மெஷினை விரும்புகிறவர்கள் வெளிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள்" என்றார்.

டெக்கன் பகுதியில் அப்போதுதான் ஒரு சைபர் கஃபே திறந்திருந்தார்கள். லோக்கல் ரயில் பிடித்து சிவாஜிநகர் போய், அங்கிருந்து ஆட்டோ. இரண்டு பேருக்கும் மவுஸ் பிடிக்கத் தெரியாது. கடைக்காரர் கற்றுக்கொடுத்தார். ஒரு பக்கம் வந்து சேர்வதற்குள் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தையே சாப்பிட்டு முடித்திருக்கலாம். கடைசியில் அந்த மெஷின் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் ஒரு பக்கம் கிடைத்தது. நான் வங்கிக் கடிதம் எழுதிப் பழகியவள். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்கு என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ராஜி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, என் வூட்டுக்காரரு பேசோணும், அதுக்கு இந்த மெஷினு வேணும்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

அப்படியே எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது எங்கள் கேள்விக்குக் கீழே பதில்கள் வரிசையாக இருந்தன. முகம் தெரியாதவர்கள். டிவி வயரைப் பாருங்கள், பவர் சப்ளையைப் பாருங்கள் என்று ஆளுக்கொரு யோசனை. அயர்லாந்திலிருந்து ஃபியோனா என்ற பெண், தன்னிடம் மேனுவலும் சர்க்யூட் படமும் இருக்கின்றன, வீட்டு முகவரி கொடுத்தால் நகலெடுத்துத் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். தன் தம்பிக்கும் பேச வராது என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ராஜி அந்த வரியை என்னை மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வூட்டு அட்ரஸ் போடுங்க்கா, பின்கோடு மறந்துராதீங்க" என்றாள்.

பார்சல் வந்தது. ஷிண்டே படத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மெமரி சிப் போய்விட்டது என்று கண்டுபிடித்தார். அதே புத்வார் பேட் சந்தில் அதை வாங்கி வந்து மாற்றினார். டிவியில் பழையபடி வெள்ளைத் திரை வந்தது. ஆனால் கேசட் தேய்ந்துபோயிருந்தது. எத்தனை முறை ஓடவிட்டாலும் இரைச்சல் மட்டும்தான், புரோகிராம் ஏறவில்லை. மெஷின் உயிரோடு இருக்கிறது, அதில் ஓட ஒன்றும் இல்லை. அன்று ராஜி முதல் தடவையாகச் சோர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

அப்போது சுந்தரம் கண்ணால் அட்டையைக் காட்டினார். ராஜி எழுத்துகள் மேல் விரலை நகர்த்தினாள். அவர் சொன்னது: "நான் சொல்கிறேன். நீ எழுது."

ராஜி லீவு போட்டாள். அவர் அட்டையில் எழுத்து எழுத்தாகப் புரோகிராமைச் சொல்ல, அவள் பெட்டியில் தட்டினாள். அந்த மெஷினில் ஒவ்வொரு விசைக்கும் நான்கைந்து சொற்கள் உண்டு. எந்த இரண்டை ஒன்றாக அழுத்தினால் எது வரும் என்பது தெரியாவிட்டால் ஒரு வரிகூட ஏற்ற முடியாது. விசைகளின் மேல் இருந்த எழுத்துகளோ அழிந்துபோயிருந்தன. மேனுவல் இல்லாவிட்டால் அவ்வளவுதான். மடியில் அதை விரித்து வைத்துக்கொண்டு அவள் தட்டுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். ஒரு கமா விட்டுப்போனால் மெஷின், இது அபத்தம் என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லும். "பாருங்க்கா, என்னைத் திட்டுது" என்பாள். சுந்தரத்தின் வாயோரம் லேசாக அசையும். அது அவருடைய சிரிப்பு. பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பார்த்தேன். பிழை எங்கே என்று இருவரும் சண்டைகூடப் போட்டார்கள். அட்டை வழியாகச் சண்டை போடுவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். இருவரிடமும் அது இருந்தது.

ஒரு மத்தியானம் வெளிச்சக் கட்டம் திரையில் நடக்கத் தொடங்கியது. குல்கர்ணி எழுதியதைவிட இது மேல். அடிக்கடி வேண்டியிருக்கும் எழுத்துகளை சுந்தரம் முன்னால் வைத்திருந்தார். ராஜி பெட்டியை நகர்த்தி, விசை அவர் விரலுக்கடியில் வரும்படி வைத்தாள். நாங்கள் காத்திருந்தோம். அவர் எழுதி முடித்ததும் ராஜி வாய்விட்டுப் படித்தாள்: "நாளைக்கு ஆபீஸ் போ. நான் இருக்கிறேன்."

அவள் மறுநாள் ஆபீஸ் வந்தாள்.

பலருக்குத் தெரிந்த ராஜி இதற்குப் பிறகு வந்தவள். இணையத்தில் தான் கேள்வி கேட்ட அதே பக்கத்தில், என்ன பழுது, எப்படிச் சரியானது என்பதை எழுதிப் போட வேண்டும் என்று அடம்பிடித்தாள். தன் வீட்டு போன் எண்ணையும் போட்டாள். அழைப்புகள் வர ஆரம்பித்தன. நாக்பூரிலிருந்து ஒரு தகப்பனார் கூப்பிட்டார். அவர் மகளுக்குப் பிறவியிலேயே பேச்சும் கையும் சரியாக வராது. உறவினர் வீட்டுப் பரணில் இதே பெட்டி கிடந்ததாம். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ராஜி மேனுவலின் தேவையான பக்கங்களைத் தன் மராத்தியிலேயே எழுதி அனுப்பினாள். ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறு. அந்த மனிதர் மறுபடி கூப்பிட்டபோது நான் அங்கே இருந்தேன். குடும்பமே விழுந்து விழுந்து சிரித்ததாகவும், ஆனால் எதுவும் புரியாமல் போகவில்லை என்றும் சொன்னார். மகள் முதலில் என்ன எழுதினாள் என்று ராஜி கேட்டாள். "இந்த சீரியல் வேண்டாம், மாற்று" என்று எழுதினாளாம். போனை வைத்துவிட்டு ராஜி சொன்னாள்: "குறை சொல்ல ஆரம்பிச்சுட்டா போதுமுங்க்கா. அப்புறம் எல்லாமே பேசிக்குவாங்க."

சுந்தரம் அந்தப் பெட்டியோடு இன்னும் பல வருடங்கள் இருந்தார். நித்யாவின் கல்யாணத்துக்கு வந்தவர்களைத் திரையில் எழுதி வரவேற்றார். அவர் போன பிறகு ராஜி அதைத் துணி போட்டு மூடி வைக்கவில்லை. நாக்பூர்ப் பெண்ணின் பெட்டி அடிக்கடி மக்கர் செய்கிறது என்று, அதற்கு மாற்றாக இதைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டாள். வீட்டில் மேனுவல் மட்டும் இருந்தது.

பிறகு பழைய பிசிக்கள் மலிந்தன. சங்கத்துக்கு வரும் சென்னைப் பையன்களில் ஒருவரான கார்த்திக், பாணேரில் மென்பொருள் வேலையில் இருப்பவர், அதே புரோகிராமை பிசியில் தமிழ், மராத்தி எழுத்துகளோடு செய்து தந்தார். திரையைப் பார்த்து ராஜிக்கு மகிழ்ச்சி. ஆனால் முதலில் கேட்டது, "மேனுவல் எழுதிட்டீங்களா தம்பி?" என்றுதான். கார்த்திக் ஒரு பக்கத்தில் ஏதோ எழுதிக் கொண்டுவந்தார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "படிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சு எழுதுங்க. ஆனா அவங்க முட்டாளுன்னு நெனச்சு எழுதிராதீங்க." கார்த்திக் மறுபடி எழுதினார். இன்று அவர் தன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதாக, துக்கத்துக்கு வந்த அன்று அவள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

காரியங்கள் முடிந்த மறுநாள் காலை, நித்யாவும் நானும் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. பக்கத்தில் இருந்ததால் நான் எடுத்தேன். கோலாப்பூரிலிருந்து ஒரு பெண், மராத்தியில், ராஜி மேடம் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைக்கப் போனார்.

"வைக்காதீங்க. டிவில என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

அவர் மகனுக்காக யாரோ கொடுத்த பழைய கறுப்புப் பெட்டி. திரையில் வெறும் புள்ளிகள்தான் என்றார். எனக்கு சர்க்யூட்டும் தெரியாது, புரோகிராமும் தெரியாது. நித்யா மேனுவலை எடுத்து வந்து தொடக்கப் பக்கங்களை என் முன்னால் பிரித்துப் பிடித்தாள். நான் ஆங்கிலத்தில் படித்து மராத்தியில் சொன்னேன், தடுமாறிய இடங்களில் நித்யா திருத்தினாள். பெட்டிக்கென்று டிவியில் ஒரு சேனலைத் தேடி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தப் பெண் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திருகினார். கோலாப்பூர் வீட்டு டிவியின் இரைச்சல் எங்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது. சட்டென்று இரைச்சல் நின்றது. அவர் திரும்பி வந்து மெதுவாக, "திஸ்தய்" என்றார். தெரிகிறது.

என் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றார். மறுநாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். கார்த்திக்கைக் கேட்டு, மறுநாள் சொன்னேன்.

அந்த போன் இணைப்பை நித்யா என் வீட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாள். எண் அதேதான். ராஜியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். இப்போது அது என் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது. குக்கர் சத்தத்திலும் கேட்கிற மாதிரி மணியைக் கூட்டி வைத்திருக்கிறேன்.